ஒரே தோட்டத்தில் ஐந்து சபைகள்: மலையகப் போதகர்கள் ஒன்றுசேர்வது என்றால் என்ன?

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை போன்ற இலங்கையின் மலையக நகரங்களில் "ஐக்கிய ஜெபக் கூட்டம்", "போதகர் ஐக்கியம்", "சகல சபை நற்செய்திக் கூட்டம்" என்ற பேச்சு இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. மெதடிஸ்த ஐயரும் பெந்தெகொஸ்தே பாஸ்டரும் ஒரே மேடையில் உட்காருகிறார்கள். இது பலரைக் குழப்புகிறது. பழைய சபையில் பிறந்து வளர்ந்த ஒரு பாட்டி, "நம்ம கோயிலையும் அவங்களோட சேர்த்துடப் போறாங்களா?" என்று கேட்கிறார். அடுத்த லயத்து (தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீட்டு) இந்துக் குடும்பம், "எல்லாரும் சேந்து மதம் மாத்தத்தானே?" என்று நினைக்கிறது. தோட்டத்தில் தனியாக ஊழியம் செய்யும் இளம் போதகருக்கோ, இதன் பின்னால் யார் இருக்கிறார்கள், பணம் எங்கிருந்து வருகிறது என்ற சந்தேகம்.

மூன்றும் நியாயமான கேள்விகள்தான். பதில் சொல்ல வேண்டுமென்றால் அடிப்படையிலிருந்து தொடங்க வேண்டும்.

சுவிசேஷ கிறிஸ்தவர்கள் என்பவர்கள் யார்?

அங்கிலிக்கன், மெதடிஸ்த, பப்டிஸ்ட், இரட்சணிய சேனை, அசெம்பிளிஸ் ஒஃப் கோட் என்பவை சபைப் பிரிவுகள். ஒவ்வொன்றுக்கும் தனி நிர்வாகம், தனி ஒழுங்கு, தனி வழிபாட்டு முறை. "சுவிசேஷ" என்ற சொல் இன்னொரு சபைப் பிரிவின் பெயர் கிடையாது. அது இந்தப் பிரிவுகளுக்குக் குறுக்கே ஓடும் ஒரு நம்பிக்கை. வேதாகமமே இறுதி அதிகாரம், இயேசுவின் சிலுவை மரணமே மீட்புக்கு அடிப்படை, ஒவ்வொருவரும் தானாக மனந்திரும்பி விசுவாசிக்க வேண்டும், அந்த நற்செய்தியைச் சொல்லிலும் செயலிலும் பகிர வேண்டும். இந்த நான்கையும் உறுதியாகப் பிடித்திருப்பவர்களைச் சுவிசேஷ கிறிஸ்தவர்கள் என்கிறோம். எனவே ஒரு அங்கிலிக்கன் குருவானவரும் சுவிசேஷகராக இருக்கலாம், லயத்து அறையில் ஜெபம் நடத்தும் சுயாதீனப் போதகரும் இருக்கலாம். பெந்தெகொஸ்தே சபையினர் இவர்களில் பெரும் பகுதி. ஆனால் சுவிசேஷகர் எல்லாரும் பெந்தெகொஸ்தே அல்லர்.

எண்ணிக்கையையும் பார்த்துவிடுவோம். 2012 குடிசன மதிப்பீட்டின்படி இலங்கை மக்களில் ரோமன் கத்தோலிக்கர் 6.2 சதவீதம். ஏனைய கிறிஸ்தவர் எல்லாரும் சேர்ந்தே 1.4 சதவீதம். அந்த 1.4க்குள்தான் மேலே சொன்ன அத்தனை பிரிவுகளும் அடங்குகின்றன. இவ்வளவு சிறிய கூட்டம் இத்தனை துண்டாக இருப்பது வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வியப்பாக இருக்கும். உள்ளே இருப்பவர்களுக்கு அது பழகிப்போய்விட்டது.

"சேர்வது" மூன்று வகை

குழப்பத்துக்குப் பெரும் காரணம், மூன்று வெவ்வேறு காரியங்களை "ஐக்கியம்" என்ற ஒரே பெயரால் சொல்வதுதான்.

1. சபை இணைப்பு. தனித்தனிச் சபைகள் தங்கள் நிர்வாகத்தைக் கலைத்துவிட்டு ஒரே சபையாவது. 1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபை இதற்கு எடுத்துக்காட்டு. இலங்கையிலும் இது முயலப்பட்டது. அங்கிலிக்கன், மெதடிஸ்த, பப்டிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன் சபைகளும் தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனமும் பல ஆண்டுகள் பேசின. லங்கா திருச்சபை என்ற பெயர்கூடத் தயாராக இருந்தது. கடைசியில் 1970களின் தொடக்கத்தில் விவகாரம் நீதிமன்றம் வரை போய், எல்லாம் நின்றுபோனது.

2. சபைகளின் மன்றம். ஒவ்வொரு சபையும் தன் அடையாளத்தோடு இருந்துகொண்டு, சமூக, தேசிய விடயங்களில் சேர்ந்து செயற்படுவது. இலங்கை தேசிய கிறிஸ்தவ மன்றம் இவ்வகை. வரலாற்றுச் சபைகள் எனப்படும் பழைய சபைகளே இதில் முக்கியம்.

3. சுவிசேஷ ஐக்கியம். மேலே சொன்ன நான்கு நம்பிக்கைகளை ஏற்கும் சபைகளும் ஊழிய நிறுவனங்களும் தலைவர்களும், நற்செய்திப் பணிக்காகக் கைகோர்ப்பது. 1846இல் லண்டனில் பல பிரிவுகளைச் சேர்ந்தவர்கள் கூடித் தொடங்கிய வழி இது. 1951இல் நெதர்லாந்தில் உலக அளவிலான அமைப்பு உருவானது. அடுத்த ஆண்டே, 1952இல், இலங்கையிலும் தொடங்கிவிட்டார்கள். இன்று தேசிய கிறிஸ்தவ சுவிசேஷ ஐக்கியம் என்று நாம் அறிவது அதைத்தான்.

மலையக நகரங்களில் இப்போது பேசப்படுவது பெரும்பாலும் மூன்றாவது வகை, அதுவும் பிரதேச அளவில். ஆக, பாட்டியின் கேள்விக்குப் பதில் எளிது: கோயிலை யாரும் சேர்க்கப் போவதில்லை. ஆராதனை ஒழுங்கு, ஞாயிறு காணிக்கை, சபைச் சொத்து எதுவும் கை மாறாது. இரண்டாம், மூன்றாம் வகைகளுக்கு நடுவே மதில் சுவரும் கிடையாது. இரண்டிலும் உழைத்த தலைவர்கள் நாட்டில் இருக்கிறார்கள். கண்டிக்கு அருகே பிலிமத்தலாவையில் 1963இல் தொடங்கிய இலங்கை இறையியல் கல்லூரி, சபை இணைப்பு முறிந்த பின்னும் அங்கிலிக்கன், மெதடிஸ்த, பப்டிஸ்ட் மாணவர்களை ஒரே வகுப்பில் உட்காரவைத்துப் படிப்பிக்கிறது. சபைகள் ஒன்றாகாவிட்டாலும் வேலையை ஒன்றாகச் செய்யலாம் என்பதற்கு மலையகத்துக்குள்ளேயே இருக்கும் சான்று அது.

மலையகத்துக்கு இத்தனை சபைகள் எப்படி வந்தன?

இந்தப் பகுதியைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இன்றைய முரண்பாடுகளின் வேர் இங்கேதான் கிடக்கிறது.

கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர்களுக்காக, 1854இல் தோட்டக்காரர்கள் சிலர் சி.எம்.எஸ். என்ற அங்கிலிக்கன் மிஷனரிச் சங்கத்தோடு சேர்ந்து "தமிழ்க் கூலி மிஷன்" என்ற பணியைத் தொடங்கினார்கள். பெயரே அந்தக் காலத்தின் பார்வையைக் காட்டுகிறது. பிற்பாடு அது தமிழ்த் திருச்சபை மிஷன் ஆனது. திருநெல்வேலியிலிருந்து உபதேசியார்கள் (குருப்பட்டம் பெறாத சபை ஊழியர்கள்) வந்தார்கள். அவர்கள் தோட்டத்தின் பிரிவு பிரிவாக நடந்து, மாலையில் லயத்து முன்றலில் வேதம் வாசித்தார்கள், பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். கோப்பி நோயால் அழிந்து தேயிலை வந்தபோதும் இந்த முறை தொடர்ந்தது. மெதடிஸ்தர்கள் ஊவாவில் வேலை செய்தார்கள். பப்டிஸ்டுகள் கண்டி, மாத்தளைப் பக்கம் வந்தார்கள். இரட்சணிய சேனை 1883இல் இலங்கைக்கு வந்தது.

இந்தப் பழைய சபைகளுக்குப் பொதுவான ஓர் அமைப்பு உண்டு. ஒரு குருவானவர், பல தோட்டங்கள். ஐயர் நகரத்தில் இருப்பார், மாதத்துக்கு ஒருமுறையோ இருமுறையோ தோட்டத்துக்கு வருவார். நடுவில் இருக்கும் நாட்களைத் தாங்கியவர் உபதேசியார். அங்கிலிக்கன் சபையில் இன்னுமொரு சிக்கல்: கண்டி குருநாகல் மறைமாவட்டத்தில் இருக்கிறது, நுவரெலியா கொழும்பு மறைமாவட்டத்தில் இருக்கிறது. ஒரே சபைக்குள்ளேயே மலையகம் இரண்டு நிர்வாகமாகப் பிரிந்திருக்கிறது.

பெந்தெகொஸ்தே இயக்கம் 1920களில் கொழும்பில் வேர்விட்டது. பின்னர் மலைநாட்டுக்கு ஏறியது. அப்புறம் சுயாதீன சபைகள் வந்தன. இவற்றின் அமைப்பு வேறு. போதகர் அதே தோட்டத்தில் பிறந்தவர். அதே லயத்தில் குடியிருப்பவர். மனைவி கொழுந்து பறிப்பவர். இரவு பத்து மணிக்கு ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கதவைத் தட்டினால் வந்துவிடுவார். பழைய சபையின் உபதேசியார் பதவி பல தோட்டங்களில் ஆளில்லாமல் போனபோது, அந்த இடத்தை நிரப்பியவர் இவர்தான்.

பழைய சபைகளில் சிலர் இதை "ஆள் பிடித்தல்" என்று மட்டும் பார்க்கிறார்கள். ஆள் பிடித்தல் நடந்திருக்கிறது, அதற்குக் கீழே வருகிறேன். ஆனால் மாதம் ஒருமுறை வரும் ஐயரை நம்பியிருந்த மக்கள், தினமும் கூட இருக்கும் போதகரிடம் போனதற்கு அந்த மக்களைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை. மறுபக்கம், லயத்துப் போதகருக்கு இறையியல் பயிற்சி குறைவு, கணக்குக் கேட்க மேலே ஆள் இல்லை, தவறு செய்தால் திருத்த ஒரு சக ஊழியர் இல்லை. ஒரு பக்கம் ஒழுங்கு இருக்கிறது, ஆள் இல்லை. மறுபக்கம் ஆள் இருக்கிறார், ஒழுங்கு இல்லை. போதகர் ஐக்கியம் ஒன்று மலையகத்துக்கு ஏன் வேண்டும் என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகப் பலமான காரணம் இதுதான்.

ஒரு மரண வீட்டில் என்ன நடக்கிறது

பிரச்சினை எப்படி இருக்கும் என்பதை ஒரு மரண வீட்டில் தெளிவாகப் பார்க்கலாம். மலையகத்தில் யாருக்கும் அன்னியமில்லாத காட்சி.

மேல் பிரிவில் ஒரு தாய் இறந்துவிடுகிறார். பழைய சபையில் ஞானஸ்நானம் பெற்றவர், கலியாணமும் அங்கேதான். கடைசி ஆறேழு வருடமாக மகளோடு லயத்து ஜெபவீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். மூத்த மகன் ஹட்டனிலிருந்து ஐயரைக் கூட்டிவருகிறார். மகள் பாஸ்டரைத்தான் அடக்க ஆராதனை நடத்தச் சொல்கிறாள். இரண்டாவது மகன் இந்துவாகவே இருப்பவர், தப்புப் பறை அடிக்க ஆள் சொல்லியிருக்கிறார். மரண சங்கத்துக்காரர்கள் குழி வெட்டியாகிவிட்டது, நாலு மணிக்குள் எடுக்க வேண்டும் என்கிறார்கள், மழை வேறு. ஐயர் அங்கி போட்டு நிற்கிறார். பாஸ்டர் வேதாகமத்தைக் கையில் வைத்துக்கொண்டு தள்ளி நிற்கிறார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துப் பேசியதே இல்லை. பெட்டியைச் சுற்றி நிற்கும் சனம் இதைத்தான் பார்க்கிறது.

அன்றைக்கு அந்த இருவரும் முன்பே அறிமுகமானவர்களாக இருந்திருந்தால், "நீங்க வேதம் வாசிங்க தம்பி, அடக்கத்தை நான் நடத்துறேன்" என்று இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்கும். ஒற்றுமைக்காக ஆயிரம் பேர் கூடும் மேடைக் கூட்டத்தைவிட, இந்த இரண்டு நிமிடப் பேச்சு சாத்தியமாவதே முக்கியம் என்பது என் கருத்து.

முடிச்சு எங்கே விழுகிறது?

உபதேச வேறுபாடுதான் தடை என்று பொதுவாகச் சொல்வார்கள். பாதி உண்மை. ஞானஸ்நானம் குழந்தைக்கா பெரியவருக்கா, தெளிப்பா முழுக்கா, ஆவியில் நிறைந்து அந்நிய பாஷை பேசுவது அவசியமா என்பவை உண்மையான வேறுபாடுகள். ஆனால் ஐக்கியம் கலையும் இடங்களைக் கவனித்தால் பெரும்பாலும் வேறு காரணங்களே தெரியும்.

1. குடும்பங்கள் சபை மாறுவது. இதைப் பேசாமல் எந்த ஐக்கியமும் நிற்காது. சுயாதீனப் போதகருக்கு மாதச் சம்பளம் கிடையாது. நாட்கூலி வாங்கும் குடும்பங்கள் தரும் தசமபாகமும் காணிக்கையும்தான் வருமானம். சிறிய சபையில் மூன்று குடும்பம் வேறு சபைக்குப் போனால் போதகர் வீட்டு அரிசிப் பானையிலேயே அது தெரியும். இதனால்தான் "எங்க ஆட்டை அவர் பிடிச்சுட்டார்" என்ற கோபம் அவ்வளவு சூடாக இருக்கிறது. உபதேசச் சண்டை போலத் தோன்றும் பலவற்றின் அடியில் இந்தப் பயம் இருக்கிறது. பவுல் ரோமர் 15:20இல், இன்னொருவர் போட்ட அஸ்திபாரத்தின்மேல் கட்டாதபடி, கிறிஸ்துவின் நாமம் சொல்லப்படாத இடத்தில் அறிவிக்கவே தான் விரும்பியதாகச் சொல்கிறார். ஐந்து சபை உள்ள பிரிவில் ஆறாவது சபையைத் தொடங்கும்போது, ஒரு சபையும் இல்லாத பிரிவு மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறதே என்று இந்த வசனம் கேட்கிறது.

2. மறு ஞானஸ்நானம். முடிச்சுகளில் கடினமானது. ஒரு சபை ஏற்கெனவே ஞானஸ்நானம் பெற்றவருக்கு மறுபடி முழுக்குக் கொடுத்தால், முந்தைய சபை அதைத் தன் முகத்தில் அடித்ததாக உணர்கிறது. இதற்குப் பொதுவான தீர்வு கிடையாது. ஆகக்கூடியது, கொடுப்பதற்கு முன் அந்த ஆளின் பழைய போதகரிடம் தெரியப்படுத்துவது. சம்மதம் கேட்பது வேறு, தெரியப்படுத்துவது வேறு. தெரியப்படுத்தினாலே பாதிக் கசப்பு குறையும்.

3. வெளிப் பணம். வெளிநாட்டு உதவி வரும் சபையையும் வராத சபையையும் ஒரே மேசையில் உட்காரவைப்பது கஷ்டம். ஐக்கியத்தின் பெயரால் பணம் வர ஆரம்பித்தால் இன்னும் கஷ்டம். இளம் போதகரின் சந்தேகம் இங்கேதான். பிரதேச ஐக்கியம் என்ற அளவில் போக்குவரத்து, தேநீர், மண்டப வாடகைக்கு உறுப்பினர்களே சிறு தொகை போட்டு, கணக்கை எல்லார் முன்னும் வாசித்துவிட்டால் அந்தச் சந்தேகம் எழவே இடமிருக்காது.

4. சாதி. தோட்டத்தில் சாதி இல்லை என்று மேடையில் சொல்வோம். கலியாணப் பேச்சு வந்தால் தெரியும். ஒரு சபை பெரும்பாலும் ஒரே சாதிக் குடும்பங்களால் ஆனது என்றால், அந்தச் சபையின் போதகரை மற்றச் சபையினர் எப்படி நடத்துகிறார்கள் என்பதிலும் அது வெளிப்படும். யார் வீட்டில் தேநீர் குடிக்கிறோம் என்பதில்கூட. இதைப் பெயர் சொல்லிப் பேசத் துணியாத ஐக்கியம் கிறிஸ்துவின் பெயரில் ஐக்கியம் என்று சொல்லிக்கொள்வது எனக்கு வேதனை தருகிறது.

பெண்கள் விடயத்தையும் இங்கே சேர்க்க வேண்டும். லயத்து ஜெபக் கூட்டங்களைத் தூக்கி நிறுத்துபவர்கள் பெரும்பாலும் கொழுந்து பறிக்கும் பெண்கள். வீடு வீடாகப் போய் ஜெபிப்பதும், நோயாளியைப் பார்ப்பதும் அவர்களே. "தலைவர்கள் கூட்டம்" என்று கடிதம் போனால் ஆண் போதகர்களுக்கு மட்டுமே போகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

ஐக்கியத்தைப் பற்றிப் பேசும்போது சட்டம் வருவதற்குக் காரணம் உண்டு. சிறிய சபைகள் சேர நினைப்பதற்கு இதுவும் ஒரு தூண்டுதல்.

அரசியலமைப்பின் 9ஆவது உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுக்கிறது. அதே வேளை 10ஆவது உறுப்புரை, விரும்பிய மதத்தைக் கொண்டிருக்கவோ தழுவவோ ஒவ்வொருவருக்கும் சுதந்திரம் தருகிறது. 14ஆவது உறுப்புரை, தன் மதத்தைத் தனியாகவோ மற்றவர்களோடு சேர்ந்தோ வழிபாட்டிலும் அனுசரிப்பிலும் நடைமுறையிலும் போதனையிலும் வெளிப்படுத்தும் உரிமையைக் குடிமக்களுக்குத் தருகிறது. "போதனை" இருக்கிறது. "பரப்புதல்" இருக்கிறதா என்பதில்தான் வழக்கு.

2003இல் ஒரு கத்தோலிக்கக் கன்னியர் சபையைச் சட்டப்படி கூட்டிணைப்பதற்கான சட்டமூலம் உயர் நீதிமன்றத்துக்கு வந்தபோது, மதத்தைப் பரப்பும் உரிமையை அரசியலமைப்பு அடிப்படை உரிமையாகத் தரவில்லை என்று நீதிமன்றம் கருதியது. சமூக உதவியையும் மதப் பரப்புதலையும் ஒரே அமைப்பு செய்வதும் அங்கே ஆட்சேபணைக்குள்ளானது. 2005இல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு இந்த முடிவோடு உடன்படவில்லை. ஆனாலும் நாட்டுக்குள் அந்தத் தீர்மானத்தின் நிழல் இன்னும் நீள்கிறது. 2004இல் பௌத்த பிக்குகளின் கட்சியான ஜாதிக ஹெல உறுமய கட்டாய மதமாற்றத் தடைச் சட்டமூலம் ஒன்றைக் கொண்டுவந்தது. அதன் சில பிரிவுகள் அரசியலமைப்புக்கு முரண் என்று உயர் நீதிமன்றம் சொன்னது. அது சட்டமாகவில்லை. 2008இல் மத விவகார அமைச்சு வெளியிட்ட சுற்றுநிருபம், புதிய வழிபாட்டுத் தலங்களுக்கு அமைச்சின் அனுமதி வேண்டும் என்றது. அதைக் காட்டிச் சிறு சபைகளை அதிகாரிகள் நிறுத்தச் சொன்ன சம்பவங்களைச் சுவிசேஷ ஐக்கியம் நாடு முழுவதிலுமிருந்து ஆவணப்படுத்தி வருகிறது.

மலையகத்தில் இது இரட்டைச் சிக்கல். லயத்து அறை போதகருடைய சொத்து கிடையாது. நிலம் அரசுடையது, நிர்வாகம் கம்பனியுடையது. காணி உறுதி கையில் இல்லாதவர் எந்தக் கட்டடத்துக்கு, யாரிடம் அனுமதி கேட்பது? பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் இருபது பேர் பாடினால், பக்கத்துச் சுவருக்கு அந்தப்புறம் தூங்கும் குழந்தைக்கும் கேட்கும். புகார் அங்கிருந்துதான் தொடங்கும். தோட்டத் துரையிடம் போகும், பிறகு பொலிஸுக்குப் போகும். அந்த நேரத்தில் தனியாக நிற்கும் போதகருக்குச் சட்டம் தெரிந்த, பொலிஸ் நிலையத்துக்குக் கூட வரும் ஒரு மூத்த ஊழியர் இருந்தால் பெரிய உதவி. பழைய சபைகளுக்கு அந்தச் செல்வாக்கு உண்டு. அதைப் பகிர்ந்துகொள்ள அவர்கள் தயாரா என்பது ஐக்கியத்துக்கு ஒரு நேரடிச் சோதனை.

ஒலிபெருக்கியைக் குறைப்பது, போதகர் வீட்டாரோடு பக்கத்து வீட்டார் பேசும்படி உறவு வைத்திருப்பது, அம்மன் கோயில் திருவிழா நாளில் அதே முன்றலில் கூட்டம் வைக்காதிருப்பது போன்றவற்றுக்குச் சட்டமே தேவையில்லை. ஒரு போதகரின் கவனக்குறைவு அந்தத் தோட்டத்தில் எல்லாச் சபைகளின் கணக்கிலும் எழுதப்படும். நுவரெலியா மாவட்டத் தோட்டங்களில் நம் அயலார் பெரும்பாலும் இந்துக்கள். அவர்களுடைய பயத்துக்கு மரியாதை கொடுக்காமல் நற்செய்தி சொல்ல முடியாது.

அப்படியானால் இரண்டாவது கேள்வி: எல்லாரும் சேர்வது மதம் மாற்றத்தானா? சுவிசேஷகர்கள் நற்செய்தியைப் பகிர்வதை மறைக்க மாட்டார்கள், மறைப்பது நேர்மையும் அல்ல. ஆனால் அரிசியையும் கூரைத் தகரத்தையும் காட்டி ஆள் சேர்ப்பது நற்செய்திக்கே விரோதம். சபைகள் ஒன்றாக உட்கார்ந்தால் இதைக் கட்டுப்படுத்துவது எளிதாகும், ஏனென்றால் அப்படிச் செய்யும் ஒருவரைக் கேள்வி கேட்க அருகில் சக ஊழியர்கள் இருப்பார்கள்.

சேர்ந்து செய்யக்கூடிய வேலை எது?

1974இல் சுவிட்சர்லாந்தின் லொசானில் கூடிய உலகச் சுவிசேஷத் தலைவர்களின் உடன்படிக்கை, தங்கள் சாட்சி தனிப்போக்காலும் தேவையற்ற இரட்டை வேலையாலும் கெட்டதை ஒப்புக்கொண்டது. நற்செய்தி அறிவிப்பும் சமூகப் பொறுப்பும் இரண்டும் கிறிஸ்தவக் கடமை என்றும் சொன்னது. மலையகத்தில் இவை இரண்டும் சந்திக்கும் இடங்கள் ஏராளம். எனக்கு மிக அவசரமாகத் தெரிவது இரண்டு.

முதலாவது, பேரிடர். 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்த தோட்டத்தில் மண் சரிந்து லயங்களை மூடியது. 2025 நவம்பர் இறுதியில் தித்வா புயல் மலைநாட்டின் பல மாவட்டங்களில் மண்சரிவைக் கொண்டுவந்தது. இப்படிப்பட்ட நாட்களில் கோயில், பள்ளிக்கூடம், சபை மண்டபம் எல்லாம் முகாமாகின்றன. சபைகள் தனித்தனியாக உதவினால் ஒரு லயத்துக்கு மூன்று தடவை பருப்பு போகும், பாதை உடைந்த மேல் பிரிவுக்கு ஒன்றும் போகாது. பிரிவு வாரியான குடும்பப் பட்டியல், யாரிடம் வாகனம் இருக்கிறது, எந்த மண்டபத்தில் எத்தனை பேர் தூங்கலாம், எந்தத் தோட்டத்தில் தாதி இருக்கிறார் என்ற விவரங்களை மழைக்கு முன்பே ஐக்கியம் வைத்திருக்க முடியும். நிவாரணம் கொடுக்கும் இடத்தில் பிரசங்கம் இல்லை, பெயர்ப் பலகை இல்லை, மதம் பார்ப்பதில்லை என்ற மூன்றையும் எழுதி வைத்துவிட வேண்டும்.

இரண்டாவது, இடம்பெயர்வு. தோட்டத்துப் பிள்ளைகள் கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் போகிறார்கள், தாய்மார் மத்திய கிழக்குக்குப் போகிறார்கள். ஞாயிறு பள்ளியில் வசனம் ஒப்புவித்த பையன் புறக்கோட்டையில் ஒரு கடை மாடியில் படுக்கிறான். அவனை எந்தச் சபையும் தேடுவதில்லை, ஏனென்றால் அவன் போன இடத்தில் "நம்ம சபை" இல்லை. அங்கே எந்தச் சுவிசேஷ சபை இருந்தாலும் சரி, அவன் பெயரையும் தொலைபேசி எண்ணையும் அனுப்பிவைக்கும் பழக்கம் வந்தால், ஐக்கியத்தின் பயன் மலையகத்துக்கு வெளியிலும் தெரியும். வெளிநாட்டில் தாய் இருக்கும் வீட்டுப் பிள்ளைகளைப் பள்ளி முடிந்தபின் ஒரு மண்டபத்தில் சேர்த்துப் படிக்கவைப்பதையும் ஒரே சபை தனியாகத் தாங்க முடியாது. மூன்று சபை சேர்ந்தால் முடியும்.

2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்த "மலையகம் 200" நடைபயணத்தில் தேசிய கிறிஸ்தவ மன்றம் முன்னின்று உழைத்தது. முன்னோர்கள் நடந்து வந்த பாதையை மீண்டும் நடந்து, காணி, வீடு, சம்பளம், மரியாதை பற்றிப் பேசிய பயணம் அது. சுவிசேஷ சபைகளில் பலர் இதை "அரசியல்" என்று ஒதுங்கியிருந்தார்கள். லயத்தில் வாழும் போதகருக்குக் காணி உறுதி எப்படி அரசியல் மட்டும் ஆகும் என்று எனக்கு விளங்கவில்லை. அவர் ஜெபவீட்டின் எதிர்காலமே அந்தத் தாளில்தான் இருக்கிறது.

ஓர் ஐக்கியம் உண்மையா என்று பார்ப்பது எப்படி?

உங்கள் ஊரில் போதகர் ஐக்கியம் ஒன்று தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். இவற்றைக் கேட்டுப் பாருங்கள்.

1. எழுத்தில் ஒரு உடன்பாடு இருக்கிறதா? எதை ஒன்றாக நம்புகிறோம், எதில் வேறுபடுகிறோம், வேறுபாட்டைப் பிரசங்கத்தில் எப்படிப் பேசுவோம். இரண்டு பக்கம் போதும்.

2. குடும்பம் சபை மாறினால் என்ன செய்வது என்று அதில் இருக்கிறதா? புதிய போதகர் பழைய போதகரை அழைத்துப் பேச வேண்டும். கடன், ஒழுங்கு நடவடிக்கை, குடும்பச் சண்டை ஏதாவது பின்னால் இருந்தால் அப்போது வெளியே வரும்.

3. தலைவர் பதவி சுழற்சியில் வருகிறதா? ஒரே ஆள் பத்து வருடம் தலைவராக இருந்தால் அது அவருடைய ஊழியத்தின் கிளை.

4. ஒரு போதகர் மீது பணம் பற்றியோ, பெண்கள், பிள்ளைகள் பாதுகாப்புப் பற்றியோ புகார் வந்தால் யாரிடம் சொல்வது? ஐக்கியம் என்ற பெயரில் மூடி மறைப்பதற்கு இடமே இருக்கக் கூடாது. குற்றம் என்றால் பொலிஸுக்குப் போக வேண்டும், ஐக்கியம் பாதிக்கப்பட்டவர் பக்கம் நிற்க வேண்டும்.

5. சிங்களம் பேசும் போதகர்கள் உள்ளே இருக்கிறார்களா? பண்டாரவளை, கண்டி, மாத்தளைப் பக்கம் இது இல்லாமல் பாதி ஊழியர்கள் வெளியே நிற்பார்கள். மொழிபெயர்க்க ஒருவரை உட்காரவைத்தால் போதும், ஆனால் அந்த ஒருவரை முதல் நாளே உட்காரவைக்க வேண்டும்.

6. கூட்டம் எங்கே, எப்போது? மாதத்தின் முதல் செவ்வாய் காலை பத்து மணிக்கு ஹட்டன் நகரில் என்றால், சம்பளம் வாங்கும் நகரத்து ஊழியர்கள் வருவார்கள். மலைக்கு வேலைக்குப் போகும் போதகர் வர மாட்டார். வந்தால் அன்றைய பெயர் விழாது, நாள் சம்பளம் போகும், பஸ் காசு தனி. போயா (பௌர்ணமி) விடுமுறை நாள் பின்னேரத்தில், ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு தோட்டத்தில் வைத்தால் பொகவந்தலாவையிலிருந்தும் மஸ்கெலியாவிலிருந்தும் ஆள் வரும். கொழுந்து பறிக்கும் அக்காமாரும் வரலாம். நகரத்து ஐயர்மார் முச்சக்கர வண்டி பிடித்து மேல் பிரிவுக்கு ஏற வேண்டியிருக்கும். அந்த வண்டிக் காசை யார் கொடுப்பது என்பதை முதல் கூட்டத்திலேயே பேசி முடிவெடுத்துவிடலாம்.